மின்சாரம் எதுவரை வந்தது?

புதுக் கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்துவிட்டு, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: “அக்கா, டெட்டுக்கா.” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றே: “பட்டனை அழுத்தினப்போ என்ன ஆச்சு தம்பி? பார்த்ததை அப்படியே சொல்லு.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள். ஒருவர் “ஒண்ணுமே ஆகலை” என்பார். இன்னொருவர் “ஃபேன் லேசா அசைஞ்சுது, உடனே நின்னுடுச்சு” என்பார். மூன்றாமவர், “எல்லா ஃபேனும் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது, டிஸ்பிளேதான் வரலை” என்பார். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. உள்ளேயோ மூன்றும் வெவ்வேறு இடத்துத் தடைகள். இதைக் கவனித்துச் சொன்ன பிள்ளை பாதி வேலையை முடித்துவிட்டது.

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். என் மேசைக்கு வரும் புது மெஷின்களில் பெரும்பாலானவை எந்தப் பாகத்தையும் மாற்றாமலே எழுந்துவிடுகின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம் பணம். அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய்க்குப் பாதிப் பாகத்தைச் சென்னை ரிச்சி தெருவிலும் பாதியை ஆன்லைனிலும் வாங்கிச் சேர்த்திருப்பார்கள். அதன் பின்னால் வீட்டில் வைத்த நகைக்கடன்கூட இருக்கும். அந்தப் பதற்றத்தில் “மதர்போர்டு போயிடுச்சு” என்று யாரோ சொன்னதை நம்பி, நல்ல போர்டை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று வாங்குகிறார்கள். புது போர்டிலும் அதே ஒயரை அதே தப்பான இடத்தில் செருகுகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள், தண்ணீர் எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று பார்க்க. ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்கும் இதுதான் வழி. சுவர் பிளக்கில் கிளம்பும் மின்சாரம் பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), மதர்போர்டு, பிராசஸர், ராம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில்தான் திரைக்கு வருகிறது. எதுவரை வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு அடுத்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், கேபினெட்டின் முன்பக்கப் பட்டன் என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. தொண்ணூறுகளின் பழைய ஏடி கேபினெட்டுகளில் 230 வோல்ட் மின்சாரமே அந்தப் பட்டன் வரை தடித்த ஒயரில் வந்து போகும். வீட்டு விளக்கு சுவிட்ச் மாதிரி அழுத்தினால் அப்படியே நிற்கும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை இதை மாற்றியது. இப்போது பட்டன் ஒரு கணம் இரண்டு சின்ன கம்பிகளைத் தொடவைக்கிறது, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் பிளக்கில் இருக்கும் நேரமெல்லாம், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஊதா ஒயர் வழியாக மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். அந்த 5 வோல்ட்டில் விழித்திருக்கும் போர்டு, பட்டன் அழுத்தப்பட்டதை உணர்ந்து, பச்சை ஒயரை கிரவுண்டோடு இணைக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் உத்தரவு. உடனே 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் வருகின்றன; அவை நிலைப்பட்டதும் 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் சாம்பல் நிற ஒயரில் ‘எல்லாம் சரி’ என்ற சமிக்ஞை போர்டுக்குத் திரும்பி வருகிறது. அது வந்தால்தான் போர்டு பிராசஸரை ஓட விடும். ஒரு பட்டனை அழுத்தும் நேரத்துக்குள் இவ்வளவு பேச்சுவார்த்தை நடக்கிறது. இதில் எந்த இடத்தில் பேச்சு நின்றது என்பதுதான் நம் கேள்வி.

‘ஒண்ணுமே ஆகலை’ என்பவர்களுக்கு முதல் வேலை கேபினெட்டுக்கு வெளியே. ஸ்பைக் பஸ்டரை விட்டுவிட்டுச் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பவர் கார்டு எஸ்எம்பிஎஸ் பக்கம் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் என்றால் மின்சாரம் வாசலிலேயே நின்றுவிட்டது.

அடுத்து, பக்கக் கதவைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். பிளக்கில் போட்டவுடனே ஒரு சின்ன எல்இடி எரியும் போர்டுகள் பல உண்டு. அது எரிந்தால் அந்த 5 வோல்ட் போர்டு வரை வந்துவிட்டது. சுவரும் கார்டும் சுவிட்சும் சரி. இப்போது சந்தேகம் பட்டன் மேல்தான், குறிப்பாகப் பட்டனிலிருந்து வரும் ஒயர் மேல்.

புதிதாகப் பூட்டியவர்களில் மிக அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது பின் நிற்கும். பத்தாவது இடம் காலி. கேபினெட்டிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை இந்த ஒன்பதில் பிரித்துச் செருக வேண்டும். பெரும்பாலான போர்டுகளில், காலியான இடத்தை ஒட்டி அதே வரிசையில் இருக்கும் இரண்டு பின்தான் பவர் பட்டனுக்கானது. அதற்கு நேர் எதிர் வரிசையில் ரீசெட் பட்டனின் ஜோடி. ஒரு வரிசை மாறினால் நீங்கள் அழுத்துவது ரீசெட். அணைந்து கிடக்கும் மெஷினை ரீசெட் செய்தால் ஒன்றும் நடக்காது. போர்டோடு வந்த கையேட்டில் இதற்கென்று ஒரு படம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். எல்இடி ஒயர்களுக்கு பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். பட்டன் ஒயருக்குத் தேவையில்லை, எப்படிச் செருகினாலும் சரி.

ஒயரா, வேறு ஏதாவதா என்று தீர்மானிக்க ஒரு சோதனை உண்டு. பட்டன் ஒயரை உருவிவிட்டு, ஸ்குரு டிரைவரின் முனையால் அந்த இரண்டு பின்னையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் இதையேதான். அந்தப் பின்களில் கையில் ஷாக் அடிக்கிற மின்சாரம் இல்லை. ஆனால் வேறு எதன் மேலும் முனை படக்கூடாது, கை நிதானமாக இருக்கட்டும். மெஷின் எழுந்துவிட்டால், பழுது பட்டனிலோ அதன் ஒயரிலோதான். நூறு ரூபாய்கூட ஆகாத விஷயம்.

அப்போதும் எழவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரைப் பாருங்கள். இது ‘டக்’ என்று கொக்கி மாட்டும்வரை போக வேண்டும். புது போர்டில் அது இறுக்கமாக இருப்பதால், போர்டு வளைந்துவிடுமோ என்று பயந்து முக்கால்வாசியில் நிறுத்திவிடுகிறார்கள். போர்டுக்கு அடியில் ஒரு கையால் தாங்கு கொடுத்து, மறு கையால் நேராக அழுத்தினால் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ் தனியே உயிரோடு இருக்கிறதா என்றும் வீட்டிலேயே பார்க்கலாம். பவர் கார்டைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா ஒயரையும் போர்டிலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் உருவிவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரின் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிறகு பவர் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது என்று அர்த்தம். லோடு இல்லாதபோது ஃபேன் சுற்றாத மாடல்களும் இப்போது வருகின்றன. ஃபேனை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் புது மாடல்களில் நிறத்தை நம்ப முடியாது. கனெக்டர் படத்தைப் பார்த்து எண்ணித்தான் செய்ய வேண்டும். ஊகித்துச் செய்வதாக இருந்தால் செய்யாமலே இருங்கள், கடைக்கு எடுத்து வாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு திறக்கிற இடம் அது இல்லை.

ஒயர் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஒயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் இப்போது பரவலாகிவிட்டது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் மாட்டாதீர்கள். போர்டு பக்க முனைக்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குக் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறலாம். செருகினால் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் எரிந்துபோவது இப்படித்தான்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியே கசிவது அது. எர்த் சரியாக இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். ஆன் ஆகாததற்கு இது காரணமில்லைதான். ஆனால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை என்று அது சொல்கிறது. கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி, ஃபேன் ஒரு கணம் அசைந்து நின்றுபோகும் வகை. எனக்கு இந்த வகைமேல் தனி மரியாதை உண்டு. ஏனென்றால் இங்கே எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது; எங்கோ ஷார்ட் ஆவதைப் பார்த்து, தன்னையும் மற்றவற்றையும் காப்பாற்றத் தானே அணைந்துகொள்கிறது. திரும்பத் திரும்ப அழுத்தி அதை வதைக்காதீர்கள்.

பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் இப்படி ஒரு மெஷினைக் கொண்டுவந்தான். ஒரு கடையில் ‘போர்டு ஷார்ட், மாத்தணும்’ என்று சொல்லியிருந்தார்கள். நான் போர்டைக் கேபினெட்டிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவுதான். ஸ்குரு டிரைவரால் பின்னைத் தொட்டதும் ஃபேன் சுற்றி, மானிட்டரில் படம் வந்தது. பையனின் முகத்தைப் பார்த்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றான். “போர்டு நல்லா இருக்கு தம்பி. கேபினெட்டுக்குள்ள போனாத்தான் சாகுது. அப்ப கேபினெட்டுல என்ன இருக்குன்னு நீயே பாரு” என்றேன்.

டார்ச் அடித்துப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். கேபினெட்டின் உள்தகட்டில் போர்டைத் தாங்கப் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் இருக்கும். போர்டின் அடிப்பக்கச் சால்டர் முனைகள் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிப்பது அவைதான். அந்தக் கேபினெட்டில் முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்காக எல்லா ஸ்டாண்டாஃபையும் தொழிற்சாலையிலேயே திருகி அனுப்பியிருந்தார்கள். இவன் வாங்கியது அதைவிடக் குட்டையான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. ஒரு ஸ்டாண்டாஃபுக்கு நேராகப் போர்டில் துளையே இல்லை. அது அடியில் சால்டர் முனைகளில் முட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டினோம். மதர்போர்டு விலை மிச்சம்.

போர்டை வெளியே எடுத்துப் பார்க்கும் இந்த முறையை நீங்களும் செய்யலாம். அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். போர்டு வந்த வெள்ளி நிற ஆன்டி ஸ்டாட்டிக் கவரின் மேல் வைத்து ஓட்டாதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தக்கூடும். வெளியே ஓடி, உள்ளே ஓடவில்லை என்றால் சந்தேகம் கேபினெட். வெளியேயும் அசைந்து நின்றால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்: கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, யுஎஸ்பி ஒயர்கள். எதைக் கழற்றியபோது எழுந்ததோ அதுதான் காரணம். இரண்டு பாகத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்று கடைசிவரை தெரியாது.

எல்லாம் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை என்றால் மின்சாரம் வெகுதூரம் வந்துவிட்டது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பிராசஸருக்கு மேலே, போர்டின் மூலையில் இருக்கும் 8 பின் இணைப்பு. பிராசஸருக்கு ஒரு வோல்ட் அளவில்தான் மின்சாரம் தேவை, ஆனால் ஏராளமான ஆம்பியரில். அதைத் தன் பக்கத்திலேயே 12 வோல்ட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறது. அதற்குத்தான் இந்தத் தனி ஒயர். இதை மாட்ட மறந்தால் ஃபேனும் லைட்டும் திருவிழாவாக இருக்கும், பிராசஸர் மட்டும் பட்டினி. கிராபிக்ஸ் கார்டுக்கும் இதேபோல் ஒரு 8 பின் வருவதால் குழம்புகிறார்கள். பிராசஸர் ஒயர் நான்கு நான்காகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு ஒயர் ஆறு, இரண்டாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். போகவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மானிட்டர் ஒயர். ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும்.

பிறகு ராம். இரண்டு ராம் போடுவதாக இருந்தால், நான்கு இடம் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்கள். எங்கள் தொழிலில் டிஸ்பிளே வரவில்லை என்றால் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது ஒரு பழக்கம். பழைய மெஷினில் அது பலிப்பதுண்டு. புது ராமின் தங்க முலாம் பூசிய விளிம்பை எதற்குத் தேய்க்க வேண்டும்? அங்கே குறை அழுக்கில் இல்லை; முழுதாக உட்காராததில் இருக்கிறது. கழற்றி, இரண்டு முனையையும் சமமாக அழுத்தி, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை செருகுங்கள்.

டிடிஆர்5 ராம் உள்ள மெஷின்களுக்கு, முக்கியமாக 2022-ல் வந்த ஏஎம்5 போர்டுகளுக்கு, பொறுமையே மருந்து. முதல்முறை ஆன் செய்யும்போது பிராசஸர் ஒவ்வொரு ராமோடும் எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று சோதித்துச் சோதித்து முடிவு செய்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பு. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

இதற்குமேல் போர்டே வாய் திறந்து சொல்லும். பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன. எந்த விளக்கில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்தில் தடை. விளக்கு இல்லாத போர்டில், பின்களில் மாட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பீப் சத்தத்தால் அதையே சொல்லும். விலை மிகக் குறைவு, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிபியு விளக்கிலேயே நின்றால் இரண்டு காரணம் பார்ப்பேன். போர்டு பழைய தயாரிப்பாகவும் பிராசஸர் அதற்குப் பின் வந்ததாகவும் இருந்தால், போர்டின் பயாஸ் என்ற உள் மென்பொருளுக்கு அந்தப் பிராசஸரைத் தெரியாது. 2018-ல் வந்த பி450 போர்டில் 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையைப் போடுபவர்களுக்கு இது நேர்கிறது. பயாஸைப் புதுப்பித்தால் போதும். சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் செய்யலாம். இன்னொரு காரணம் சாக்கெட்டின் பின்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1700-ல் 1700 மெல்லிய பின்கள் போர்டின் பக்கம் நிற்கின்றன. விரல் நுனி பட்டால்கூட ஒன்று சாய்ந்துவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், சாய்ந்த பின் மட்டும் தனியாக மின்னும்.

ஆன் ஆகி, கச்சிதமாக நான்கு விநாடியில் அணைந்தால் முன்பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் அணைய வேண்டும் என்பது விதி. சில நிமிடம் ஓடி அணைந்தால் கூலரைக் கழற்றி அடியில் பாருங்கள், பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எழாத மெஷின்கள் உண்டு. உண்மையிலேயே பழுதான பாகம் புதுப் பெட்டியிலிருந்தே வரும். அப்போது தெரிந்த ஒருவரின் ஓடும் மெஷினிலிருந்து ஒரு ராம், பிறகு ஒரு எஸ்எம்பிஎஸ் என்று ஒன்றொன்றாகக் கடன் வாங்கிச் சோதித்து, எது பழுது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே வாரண்டிக்குப் போங்கள். பில்லையும் பெட்டியையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள். போர்டின் சாக்கெட்டை மூடி வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் குப்பையில் போடாதீர்கள். அது இல்லாமல் போர்டைத் திருப்பி அனுப்பினால் வாங்க மறுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. புது போர்டின் பெட்டியைப் பிரித்ததும், பிராசஸரை வைப்பதற்கு முன்பே, அந்த மூடியைத் திறந்து சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின் சாய்ந்தது உங்கள் கையாலா, வரும்போதே அப்படியா என்று நாளை யாராவது கேட்டால், நீங்கள் காட்டக்கூடியது அந்தப் போட்டோதான்.